நாணயச்சாலைத் தலைவர் கண்ட வளி

செல்வத்தைக் காக்க இரும்புப் பெட்டகம் செய்வது உலக வழக்கு. இரும்பினூடு எப்பொருளும் புகாதென்பதே மக்கள் நம்பிக்கை. அந்நம்பிக்கையை ஆராய்ந்து பார்த்த பெரியார் ஒருவரின் வரலாற்றை, பன்விலையில் என்னிடம் தமிழ் பயிலும் மாணாக்கருக்கு யான் சொல்வதுண்டு. அவர் தோமஸ் கிரகாம்.

1805ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். மகன் சமயகுருவாதல் வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். பதினான்கு வயதிற் பல்கலைக்கழகம் புகுந்த மகனோ இரசாயனத்தில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். சினங்கொண்ட தந்தையார் பொருளுதவியை நிறுத்தினார். தாயாரும் உடன்பிறந்தாளும் அன்பினால் துணைநின்றனர். கற்பித்தும் எழுதியும் வாழ்ந்த கிரகாம் 1830இற் பேராசிரியரானார். பிள்ளையின் நாட்டத்தை அறியாது வழிவகுக்கும் பெற்றோர் எங்கள் தோட்டப்புறத்திலும் உளர். அவர்கட்கும் இவ்வரலாறு பயன்படும்.

வெடிப்புற்ற கண்ணாடிச் சாடியிலிருந்து ஐதரசன் வெளியேறுவதை ஜெர்மானியரான டோபரைனர் கண்டிருந்தார். அதனை ஆராய்ந்த கிரகாம், இலேசான வளி விரைந்து பரவும் என்னும் விதியை 1833இல் வெளியிட்டார். ஒட்சிசனின் அடர்த்தியிற் பதினாறில் ஒரு பங்கேயுடைய ஐதரசன், அதனினும் நான்கு மடங்கு விரைவாகப் பரவும்.

1855இல் இலண்டன் நாணயச்சாலைத் தலைவரானார். முன்னொரு காலத்தில் நியூற்றன் வகித்த பதவி அது. பொன்னும் வெள்ளியும் சூழ இருந்தும் அவர் மனம் வளியை விட்டகலவில்லை. ஐதரசன் அடைத்த பலூன் சில நாளிற் சுருங்குவதை நாம் அறிவோம். இறப்பரினூடு வளிகள் கடக்கும் முறையை அவர் அளந்தார். காய்ச்சிய பிளாற்றினம், இரும்பு ஆகியவற்றினூடு ஐதரசன் கடப்பதை 1863இற் பிரெஞ்சு அறிஞர் டெவிலும் துறூஸ்தும் காட்டியிருந்தனர். 1866இற் கிரகாம் பலேடியத்தை ஆராய்ந்தார். அவ்வுலோகம் தன் பருமனிற் பன்னூறு மடங்கு ஐதரசனை உட்கொண்டது! மின்முறையிற் செலுத்தியபோது அது தொள்ளாயிரம் மடங்கைக் கடந்தது.

ஐதரசன் ஓர் உலோகத்தின் ஆவியே எனக் கருதிய அவர், ஐதரசன் செறிந்த பலேடியத்தில் 1869இற் பதக்கங்கள் அடிப்பித்து நண்பர்க்கு வழங்கினார். அவ்வாண்டு செப்டெம்பரில் மறைந்தார். மணம் புரியாதவர்; ஆராய்ச்சியே அவர்க்கு இல்லறம்.

அவர் கருதியவாறு பலேடியத்தினுள் ஐதரசன் உலோகமாவதில்லை. உலோகத்தின் மேற்பரப்பில் ஐதரசன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிகின்றது. அவை உலோக அணுக்களின் இடைவெளியால் நழுவிச் சென்று, மறுபுறத்தில் மீண்டும் இணைகின்றன. இவ்வாறு நுழையும் ஐதரசன் வலிய உருக்கையும் நொறுங்கச் செய்வதுண்டு. அதுவே காவலுக்கும் உதவுகின்றது. 1985இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுவுலையில், உருகிய சோடியத்தினுள் நீராவி கசிந்தால் ஐதரசன் தோன்றும். மெல்லிய நிக்கலினூடு அது கடந்து வருவதைக் கொண்டே கசிவை அறிவர்.

கருத்து மாறினும் கிரகாமின் அளவைகள் நிலைத்தன. கண்டதைக் கண்டவாறே அளந்து எழுதிவைப்போர்க்கு, பின்வருவோர் என்றும் கடமைப்பட்டவரே.