மக்காச்சோளத்தில் கண்டதும் தவளையில் தெளிந்ததும்

விலங்கியல் மாணவனாகிய நான் ஒரு தாவரவியல் அறிஞரின் வாழ்க்கையை எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. தவளையின் ஜீன்களைப் பற்றிய ஒரு பெரிய உண்மைக்கு முதற்புள்ளி வைத்தவர் அவரே. அவர்தான் பார்பரா மெக்ளின்டாக் அம்மையார்.

1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். கல்லூரிக்குப் போனால் மகளுக்கு மணவாழ்வு அமையாது என்று தாயார் அஞ்சினார். தந்தையார் துணை நின்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். மக்காச்சோளத்தின் பத்துக் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக இனம் கண்டார்.

உயிரணுவின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்னும் சிறு உருண்டை இருப்பதை நாம் அறிவோம். ஆறாவது குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட பகுதியே அதை உருவாக்குகிறது என்று 1934இல் அம்மையார் காட்டினார். அப்பகுதி முறிந்து இரண்டான செடியில், இரு துண்டுகளும் தனித்தனியே நியூக்ளியோலஸை உருவாக்கின. ஆயினும் அவற்றின் வலிமை ஒன்றாக இல்லை. ஒன்று ஓங்கியது, மற்றது ஒடுங்கியது. ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

இக்கேள்விக்கு ஒளி தந்தது ஆப்பிரிக்க நகத்தவளை. நியூக்ளியோலஸ் இல்லாத தலைப்பிரட்டைகளால் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை உண்டாக்க இயலவில்லை என்று 1964இல் டொனால்டு பிரவுனும் ஜான் கர்டனும் கண்டனர். அவை பிழைக்கவுமில்லை. அம்மையார் சுட்டிய பகுதி ரைபோசோம் ஜீன்களின் இருப்பிடம் என்பது பின்னர் உறுதியாயிற்று. தவளையில் அந்த ஜீன் நூற்றுக்கணக்கான பிரதிகளாக வரிசையில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே, ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் இடைவெளி டி.என்.ஏ. உள்ளது, வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு இருப்பதுபோல.

வரப்பில் நெல் விளையாது; அதனால் அது வீண் என்று சொல்லலாமா? நம் நாஞ்சில் நாட்டு உழவரைக் கேளுங்கள். மடை இருப்பது வரப்பில்தான்! 1980களில் இவ்வுண்மை தவளையிலும் வெளிப்பட்டது. இடைவெளியில் உள்ள 60, 81 எழுத்து நீளமுள்ள தொடர்கள், படியெடுப்புக்கு வேண்டிய புரதங்களைத் தம்பால் ஈர்க்கின்றன. இரு ஜீன்களை ஒருங்கே முட்டையணுவுக்குள் செலுத்தினால், இத்தொடர்களை மிகுதியாக உடையதே மற்றதை வெல்கிறது. ஒரே கால்வாயில் மடை பல உள்ள வயலே அதிக நீரைப் பெறுகிறதல்லவா? மக்காச்சோளத்துக்கும் இதுவே முழு விடை என்று நான் கூறவில்லை. ஆனால் அம்மையார் கண்ட போட்டி உண்மையானது என்பதற்குத் தவளை சான்று பகர்கிறது.

1951இல், இடம்விட்டு இடம் தாவும் ஜீன்களைப் பற்றி அவர் உரையாற்றியபோது அறிஞர் அவை அதை ஏற்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. தம் சோளக் கொல்லைக்கே திரும்பினார். 1983இல், 81ஆம் வயதில், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1992இல் மறைந்தார்.

வீண் என்று பிறர் ஒதுக்கியதை உற்று நோக்கும் பொறுமையே அறிவியல். அப்பொறுமையை நாமும் கற்போமாக!