எப்.ஏ. தேறாதவருக்கு மாதம் 75 ரூபாய்: இராமானுஜன் பெற்ற ஆய்வு உபகாரச் சம்பளம்

கேரித் தீவுத் தோட்ட வீடுகளிலும் சரி, கிள்ளான் அடுக்குமாடிகளிலும் சரி, எஸ்.பி.எம். முடிவு வந்தால் முதல் கேள்வி எத்தனை ஏ என்பதுதான். பல்கலைக்கழகத்தில் அதுவே சராசரிப் புள்ளியாக மாறுகிறது. விடுமுறையில் பேராசிரியருடன் ஆய்வு செய்ய உதவித்தொகை கேட்டாலும் பாரத்தில் அந்தப் புள்ளியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரே பாடத்தில் புலியாக இருந்து மற்றவற்றில் சறுக்கும் பிள்ளையின் கதி என்ன? கணித மேதை சீனிவாச இராமானுஜனுக்கு இந்தச் சிக்கல் இரண்டு முறை வந்தது. முதல் முறை மதிப்பெண் அவரைத் தோற்கடித்தது.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்தவர் இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை புடவைக் கடைக் கணக்கர். தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பாடியவர். வசதி இல்லாத குடும்பம். டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, 1904இல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முன்பே கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்திருந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், விளக்கம் மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவிப் பார்ப்பதில் மூழ்கியவர் ஆங்கிலம் முதலிய பாடங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. தேர்வில் தவறினார், உபகாரச் சம்பளம் பறிபோனது. தாய் கல்லூரி முதல்வரிடம் முறையிட்டும் பலனில்லை. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார்.

பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடற்கூறு பாடம் காலை வாரியது. எப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் தோல்வி. கல்லூரியைக் குறை சொல்வது எளிது. ஆனால் எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பது எல்லா மாணவருக்கும் இருந்த விதி. அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து மதிப்பிட அந்த விதியில் இடம் இல்லை என்பதுதான் கோளாறு.

1909இல் ஜானகியுடன் திருமணம். வேலை தேடி அலைந்தபோது அவர் கையில் இருந்த ஒரே சான்றிதழ் அந்த நோட்டுதான். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய இராமசாமி ஐயர் அதைப் பார்த்துச் சென்னை நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1911இல் சங்கத்தின் இதழில் முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, சம்பளம் 30 ரூபாய். மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் படித்தவராக வாய்த்தது அதிர்ஷ்டம்தான்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களைக் கடிதமாக அனுப்பினார். ஹார்டி ஆர்வத்துடன் பதில் எழுதினார். பிப்ரவரியில் சென்னைக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம், துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த நோட்டைக் காட்டினார். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார்.

இரண்டாம் முறை அதே சிக்கல் எழுந்தது இங்கேதான். ஆய்வு உபகாரச் சம்பளம் முதுகலைப் பட்டதாரிகளுக்கு உரியது. இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர். ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று ஆட்சிக் குழுவில் வாதம் எழ, விதி தளர்ந்தது. 1913 மே முதல் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. குமாஸ்தா சம்பளத்தைப் போல் இரண்டரை மடங்கு! பதிலுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும், தந்தார். மதிப்பெண் பட்டியல் மாறவில்லை. செய்த வேலையைப் படித்துப் பார்த்துப் பரிந்துரைக்க ஆள் இருந்தார்கள். நம் பிள்ளைகள் பேராசிரியரிடம் வாங்கும் பரிந்துரைக் கடிதமும் இந்த வகைதான். ஆனால் முதல் உபகாரச் சம்பளத்தை இழந்ததிலிருந்து இதைப் பெறும் வரை ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் போயிருந்தன. அவர் வாழ்ந்ததே 32 ஆண்டுகள்.

1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். 1916இல் ஆய்வின் பேரிலேயே கேம்பிரிட்ஜ் பட்டம், 1918இல் இலண்டன் ராயல் சங்கத்தில் உறுப்பினர் பதவி. உடல் நலிந்து 1919இல் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் காலமானார்.

ஊர் திரும்புவதற்குச் சற்று முன்னர் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. அதில் 50 பவுனைப் பெற்றோருக்குத் தரும்படியும், தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடும்படியும் பதிவாளருக்கு எழுதினார்.