ஆறு குழந்தைகளுக்கு நடுவே ஒரு நாவல்

1850-ம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் பிரன்ஸ்விக் என்ற சிற்றூர். 39 வயதுப் பெண்மணி ஒருவர் தம் உறவினருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அதற்குள் வாசலில் மீன்காரர் வந்துவிட்டார். எழுந்து போய் மீன் வாங்கினார். அடுத்து வந்தவர் ஆப்பிள் பழம் விற்கிறவர். அவருக்குப் பின் புத்தக ஏஜெண்டு. இதற்கிடையே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும். பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் சூப் வைக்க அடுக்களைக்குப் போக வேண்டும். அந்த ஒரு கடிதத்துக்குள் பன்னிரண்டு தடவைக்குக் குறையாமல் எழுந்து போனார்.

அவர்தாம் ஹாரியட் பீச்சர் ஸ்டோ. அமெரிக்காவையே உலுக்கிய 'டாம் மாமாவின் குடிசை' நாவலை அடுத்த ஆண்டில் எழுதத் தொடங்கியவர்!

அடுக்களையில் கதை

ஹாரியட் 1811 ஜூன் 14-ந் தேதி கனெக்டிகட் மாகாணத்து லிச்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தை லைமன் பீச்சர் புகழ்பெற்ற பாதிரியார். ஐந்து வயதிலேயே ஹாரியட் தாயை இழந்தார். 1832-ல் குடும்பம் சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பேராசிரியர் கால்வின் ஸ்டோவை 1836-ல் மணந்தார். அதே வருஷம் இரட்டைப் பெண் குழந்தைகள். பின்னர் மேலும் ஐந்து குழந்தைகள்.

பேராசிரியரின் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. ஹாரியட் கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினால் கொஞ்சம் பணம் வரும். ஆனால், எழுத நேரம் எங்கே? ஒரு சமயம், அடுக்களையில் ரொட்டி சுடுவதை மேற்பார்த்துக்கொண்டே அவர் கதையைச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். கதாநாயகியின் துயரம் ஒரு வாக்கியம். வேலைக்காரப் பெண்ணுக்கு உத்தரவு அடுத்த வாக்கியம்!

கேட்டது ஓர் அறை

1842-ல் வெளியூர் போயிருந்தபோது, ஹாரியட் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் எழுத வேண்டுமானால் தமக்கென்று ஓர் அறை வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டு அறையில் மேஜை போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறது. குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் அங்கேயே. கணவர் அமர்ந்திருக்கும் கூடத்தில் எழுதலாமென்றால், அவருக்குத் தொந்தரவாகுமோ என்ற தயக்கம். கணப்பு அடுப்பு ஒன்று, மலிவான கம்பளம் ஒன்று. அவ்வளவு இருந்தால் போதும் என்றார். கால்வினோ, மனைவி எழுத்தாளராகவே வேண்டுமென்று விரும்பி ஊக்கமூட்டியவர். ஆயினும் ஆசை எளிதில் ஈடேறவில்லை.

தாயின் துயரம்

1849-ல் சின்சினாட்டியில் காலரா பரவியது. கணவர் சிகிச்சைக்காக வெளியூரில் இருந்த சமயம். ஒன்றரை வயதுக் குழந்தை சார்லி தாயின் கண்ணெதிரே துடித்து இறந்தான். பிள்ளையை விற்றுவிடப் பறிகொடுக்கும் அடிமைத் தாயின் வேதனை எத்தகையது என்பதை அந்தச் சவப்படுக்கையருகே தாம் உணர்ந்ததாக ஹாரியட் பின்னாளில் தெரிவித்தார்.

மறு வருஷம் கணவருக்கு பௌடன் கல்லூரியில் வேலை கிடைத்து, குடும்பம் பிரன்ஸ்விக் வந்தது. அந்த 1850-ல்தான், தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாகாணத்தாரும் உதவ வேண்டும் என்று சட்டம் வந்தது. ஹாரியட் மனம் கொதித்தது. அடிமை முறையை எதிர்த்து எழுதியே தீருவது என்று உறுதி பூண்டார். ஆனால், புதிதாகப் பிறந்த கைக்குழந்தை இரவில் பக்கத்தில் படுத்திருக்கிறதே!

தமக்கை செய்த ஏற்பாடு

1851 ஜூன் 5-ந் தேதி வாஷிங்டனின் 'நேஷனல் எரா' வாரப் பத்திரிகையில் தொடர்கதை ஆரம்பமாயிற்று. சில இதழ்களில் முடியும் என்று நினைத்தது வளர்ந்துகொண்டே போயிற்று. வீட்டு வேலைக்கிடையே சில வாரங்கள் அத்தியாயம் வராமலே போனதுண்டு.

அப்போது கைகொடுத்தவர் தமக்கை காதரின். அவர் பெண் கல்விக்கு உழைத்த ஆசிரியை. பிரன்ஸ்விக் வந்து வீட்டுப் பொறுப்பை ஏற்றார். காலை எட்டு மணிக்குள் சிற்றுண்டியும் பிரார்த்தனையும் முடியும். உடனே தங்கையையும் அவர் கணவரையும் கல்லூரியில் கால்வினுக்கு இருந்த அறைக்கு அனுப்பிவிடுவார். குடும்பக் கவலையிலிருந்து ஹாரியட்டை விலக்க வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். அதன் பிறகு கதை விறுவிறு என்று நகர்ந்தது.

1852 மார்ச்சில் நாவல் புத்தகமாக வெளிவந்தது. அமெரிக்காவில் முதல் வருஷத்திலேயே 3 லட்சம் பிரதிகள் விற்றன. 1865-ல் அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததைக் கண்டு, 1896-ல் ஹாரியட் காலமானார்.

அவர் கேட்டது ஓர் அறை. ஒன்பது வருஷம் கழித்து அது கிடைத்தது. ஆனால், வெறும் கதவும் நாற்காலியும் அவரை எழுத வைக்கவில்லை. கதவுக்கு வெளியே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார், அதனால் எழுதினார்.