யுரேனஸுக்கு ஒரு புது நிலா... ஜவ்வாது மலையில் நடந்த கதை!

சேலத்துல சென்னை ரயில் ஏறினா, திருப்பத்தூர் பக்கம் கிழக்கே ஜவ்வாது மலை தெரியும். பாதிப் பேர் போன்ல மூழ்கியிருப்போம், கவனிச்சிருக்க மாட்டோம். அந்த மலைக்குள்ள இருக்கிற காவலூர்ல இருந்துதான், யுரேனஸுக்கு ஒரு புது நிலா இருக்குன்னு 1977-ல் உலகத்துக்குச் சொன்னாங்க. காவலூரை அதுக்குத் தயார் பண்ணினவர் வைணு பாப்பு.

1927-ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால சின்ன வயசுலயே தொலைநோக்கி பழக்கம். மேற்படிப்புக்கு ஹார்வர்டு போன இடத்தில், 1949-ல் ஒரு வால்மீனைக் கண்டுபிடிச்சார். இன்னிக்கும் அதுக்கு பாப்பு-பாக்-நியூகிர்க்னுதான் பேர். அமெரிக்காவிலேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா, ஊர் திரும்பினார்.

1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். சூரியனைப் பார்க்க அது நல்ல இடம். நட்சத்திரம் பார்க்க, நகர வெளிச்சம் படாத தெளிவான ராத்திரிகள் வேணும். தேடி அலைஞ்சு அவர் பிடிச்ச இடம்தான் காவலூர். 1968-ல் 38 செ.மீ தொலைநோக்கியோட வேலை ஆரம்பிச்சது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே வருஷம் ஜூன் மாசம், வியாழனின் நிலா கானிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைச்சதைப் பதிவு பண்ணினாங்க.

ஏன் மறைப்பைப் பார்க்கணும்? தெரு விளக்குக்கு முன்னால வவ்வால் பறந்தா, வவ்வால் தெரியாட்டியும் வெளிச்சம் ஒரு கணம் மங்கும்ல? அதே டெக்னிக்தான்.

1977 மார்ச் 10 ராத்திரி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியது. அதை மறைக்கிற நேரத்துக்கு முன்னாடியே, காவலூர் கருவியில் நட்சத்திர வெளிச்சம் சில விநாடிகள் சரிஞ்சது. நடுவுல ஏதோ ஒண்ணு இருக்கு! யுரேனஸுக்கு அப்போ தெரிஞ்ச நிலாக்கள் 5 மட்டும்தான். இது புதுசுன்னு முடிவு பண்ணி, பாப்புவின் குழுவைச் சேர்ந்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் நேச்சர் இதழில் எழுதினாங்க.

ஆனா அது நிலா இல்லை. இந்தியப் பெருங்கடல் மேல விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்கு, கிரகத்தின் ரெண்டு பக்கமும் அதே தூரங்களில் வெளிச்சம் மங்கினது பதிவாகியிருந்தது. ஒரு நிலா ரெண்டு பக்கமும் இருக்க முடியாதே! அப்படின்னா, அது வளையம். சனிக்கு அடுத்து, வளையம் இருக்கிற ரெண்டாவது கிரகம் கிடைச்சது. காவலூர் பதிவு வீண் போகலை. இன்னொரு இடத்தில் இருந்து கிடைச்ச சாட்சியா அது நின்னுது.

பாப்பு அதோட நிற்கலை. 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்யணும்னு இறங்கினார். 1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவராவும் ஆனார். 1982 ஆகஸ்டில், மூனிச் நகரில், 55 வயதில் இறந்துபோனார். தொலைநோக்கி அப்போ முடியலை.

1986 ஜனவரியில் அதுக்கு அவர் பேரையே வெச்சாங்க. அதே மாசம்தான் வாயேஜர் 2 யுரேனஸை நெருங்கிப் பறந்தது. அந்தப் பயணத்தில் நிஜமாவே 10 புது நிலாக்கள் கிடைச்சது. காவலூர் பார்த்த வளையத்தையும் அது பக்கத்துல இருந்து படம் பிடிச்சது.