தலையில் மண் ஓடு, கையில் துடைப்பம்!

மும்பை பரேலில் டாடா மருத்துவமனைப் பக்கம் போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். வெளியூரில் இருந்து வந்த நோயாளிகளும் உறவினர்களும் நடைபாதையில் துணி விரித்துக் கிடப்பார்கள். மருந்துக்கே பணம் பற்றாதபோது அறை வாடகைக்கு எங்கே போவது?

இப்படிப்பட்டவர்களில் பலருக்கு தாதரில் ஒரு தர்மசாலை இடம் கொடுக்கிறது. 1984-ல் திறக்கப்பட்ட அந்தச் சத்திரம் காட்கே மகாராஜ் பெயரில் நடக்கிறது. ஜே.ஜே. ஆஸ்பத்திரி அருகிலும் அவர் பெயரில் ஒன்று உண்டு.

யார் இந்த காட்கே மகாராஜ்?

மகாராஜ் என்றதும் பட்டும் பல்லக்கும் நினைவுக்கு வரும். இவரோ சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை! 1876-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந்தேதி அமராவதி மாவட்டத்தில் பிறந்தார். இயற்பெயர் தேபுஜி. தந்தையைக் குடி கொண்டுபோயிற்று. சிறுவன் தாய்மாமன் வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்தான். மாமனின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனதையும் பார்த்தான்.

1905-ல் மனைவி, மக்களை விட்டு வெளியேறினார். (அவர்கள் கதி என்ன என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஏழைகளாகவேதான் வாழ்ந்தார்கள். தர்மப் பணத்தில் குடும்பத்துக்கு அவர் பங்கு வைக்கவில்லை.)

உடம்பில் கந்தல். தலையில் மண் ஓடு. அதுவே தொப்பி, அதுவே சாப்பாட்டுத் தட்டு. மராத்தியில் அந்த மண் கலயத்துக்குத்தான் காட்கே என்று பெயர்.

ஓர் ஊருக்குள் நுழைந்ததும் யாரையும் கேட்காமல் தெருவைப் பெருக்குவார். சாக்கடையை அள்ளுவார். உழைக்காமல் ஒரு ரொட்டிகூட வாங்கமாட்டார். இரவானால் கீர்த்தனை. பகலில் குப்பை அள்ளிய ஆள்தான் பாடுகிறார் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரியும்!

வெறும் பஜனை அல்ல அது. கூட்டத்திடம் கேள்வி கேட்பார். கூட்டமே பதில் சொல்லும். கோவிலில் படைக்கிற நாம், பசித்த மனிதனை ஏன் பார்ப்பதில்லை என்று மக்களே யோசிக்கும்படி பேச்சைக் கொண்டுபோவார். கடன் வாங்கி விருந்து வைப்பது, ஆடு வெட்டுவது, குடி, தீண்டாமை எல்லாவற்றையும் சாடுவார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று ஊர் ஊராகக் கெஞ்சினார்.

காசு வந்து விழுந்தது. அது நாசிக்கிலும் ஆளந்தியிலும் சத்திரங்களாக எழும்பியது. பண்டரிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தங்க இடம் கிடையாது. விட்டலனைத் தேடி நடந்து வந்தவர்கள் வெட்டவெளியில் கிடந்தார்கள். அவர்களுக்காக, பக்தர் சோகாமேளா பெயரில் ஒரு தர்மசாலை கட்டினார். 1949-ல் அதை டாக்டர் அம்பேத்கரின் கல்விச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். தமக்கென்று ஒரு வீடு வைத்துக்கொள்ளவில்லை.

1956 டிசம்பர் 6-ந்தேதி அம்பேத்கர் காலமானார். சரியாக 14-ம் நாள், அமராவதி போகும் வழியில் வல்காவ் அருகே காட்கே மகாராஜும் உயிர் துறந்தார்.

சிலையோ சமாதியோ வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். அந்த ஒன்றை மட்டும் மக்கள் கேட்கவில்லை. அமராவதியில் சமாதி இருக்கிறது.