கணக்குக் கேட்ட கறுப்பு மனிதர்

நாம் எல்லோரும் டிப்ளமோவில் சேர அப்ளிகேஷன் எழுதியவர்கள்தான். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு கட்டம் வரும். ஓ.சி., பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று. அந்த ஒரு கட்டத்துக்காக கம்யூனிட்டி சர்டிபிகேட் கேட்டு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தவர்களும் நம்மில் உண்டு. ஹாஸ்டலில் ராத்திரி இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி ஆகிவிடும். இதையெல்லாம் எதுக்குப்பா கேட்கிறாங்க, கேட்காம விட்டாலே சாதி போயிடுமே என்பது ஒரு கட்சி. கேட்காவிட்டால் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்பது இன்னொரு கட்சி.

இந்த வழக்கு நம்ம ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகவே அமெரிக்காவில் இது நடந்துகொண்டிருக்கிறது. அங்கே சாதிக்குப் பதில் தோலின் நிறம். இந்த வழக்கில் இறங்கி, வீடு வீடாகக் கதவைத் தட்டி, பள்ளிக்கூடத்தையும் சாவையும் நோயையும் எண்ணி எண்ணி எழுதிய ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவர் பெயர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ்.

1868 பிப்ரவரி 23-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து மூன்றே வருஷம் ஆகியிருந்த காலம். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாதான் கஷ்டப்பட்டு வளர்த்தார். பையன் ஹைஸ்கூல் முடித்த மறுவருஷம் அந்த அம்மாவும் காலமானார். ஊர்க்காரர்கள் உதவியோடு டென்னசி மாநிலத்தில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி.

லீவு விட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். இவருக்கு வீடு ஏது? கிராமத்துக் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார். பள்ளிக்கூடம் என்பது சோளம் அடைத்து வைத்த ஒரு பழைய மரக்கட்டைக் குடிசை. வாத்தியாருக்குப் போட்ட நாற்காலி கூட இரவல். தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் வாங்கி வந்து, தினமும் சாயந்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டும்! வெள்ளைப் பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது, கறுப்புப் பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பின்னாளில் அவர் அட்டவணை போட்டபோது, அந்த நாற்காலியை மறந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து ஹார்வர்டு. பிறகு இரண்டு வருஷம் ஜெர்மனியில் பெர்லின் பல்கலைக்கழகம். அங்கே குஸ்டாவ் ஷ்மோலர் என்ற பொருளாதாரப் பேராசிரியர். முதலில் தகவலைச் சேகரி, கொள்கை பேசுவதெல்லாம் அப்புறம் என்பது அவர் பாணி. இது டுபாய்சுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. உதவித்தொகை நின்றுபோனதால் பெர்லினில் டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பி 1895-இல் ஹார்வர்டிலேயே வாங்கினார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பு அமெரிக்கர் அவர்தான்.

இப்போது கதைக்குள் ஒரு எதிராளி வருகிறார். அவர் பெயர் ஃபிரெடரிக் ஹாஃப்மன். புருடென்ஷியல் இன்சூரன்ஸ் கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர். 1896-இல் ஒரு தடிப் புத்தகம் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் எண்கள். கறுப்பர்கள் வெள்ளையரை விட அதிகமாகச் சாகிறார்கள், காசநோயும் அவர்களுக்குத்தான் அதிகம், எனவே கோளாறு அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது, காலப்போக்கில் இந்த இனமே அழிந்துவிடும் என்று முடிவு கட்டினார். அப்படிப்பட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கொடுப்பது கம்பெனிக்கு நஷ்டம் என்பது உள்ளே இருக்கும் செய்தி. நன்றாகக் கவனியுங்கள் நண்பர்களே, நிறம் வாரியாகக் கணக்கு எடுத்தவர்கள் எல்லோரும் நல்லது செய்ய எடுத்தவர்கள் இல்லை. கதவைச் சாத்துவதற்கும் அதே கணக்கு பயன்பட்டது.

டுபாய்ஸ் என்ன பண்ணார்? நிறக் கணக்கே வேண்டாம், அதைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. கணக்கு போதாது, இன்னும் உள்ளே போய் எடுங்கள் என்றார்!

அதற்குச் சந்தர்ப்பமும் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1896-இல் அவரை ஃபிலடெல்பியா நகரத்துக் கறுப்பர்களைப் பற்றி ஆராயக் கூப்பிட்டது. கொடுத்த பதவி உதவிப் பயிற்றுநர், சம்பளம் 900 டாலர். பாடம் எடுக்க வகுப்பு கிடையாது. புது மனைவி நைனாவோடு ஏழாவது வார்டுக்குள்ளேயே ஒரு ரூமில் குடியேறினார். அந்த வார்டில் 9,675 கறுப்பர்கள். குடும்பம், தனி ஆள், வீடு, தெரு என்று ஆறு வகைப் படிவம் தயார் செய்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட ஆள் இல்லை, தனியாகவே. சும்மா இல்லை, ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு வீடு!

ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். எங்களை என்ன மிருகக்காட்சிசாலை ஜந்து என்று நினைத்தாயா என்கிற மாதிரிதான் சிலர் பார்த்தார்கள். அவர்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. அதுவரை அவர்களை எண்ண வந்தவர்கள் எல்லாம் குற்றம் கண்டுபிடிக்க வந்தவர்கள்தானே!

1899-இல் புத்தகம் வெளிவந்தது. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். 1884 முதல் 1890 வரை ஃபிலடெல்பியாவில் வருஷத்துக்கு ஆயிரம் கறுப்பர்களில் சுமார் 31 பேர் இறந்தார்கள். வெள்ளையரில் சுமார் 23 பேர். இதோடு நிறுத்தினால் ஹாஃப்மன் ஜெயித்தார். டுபாய்ஸ் அதையே வார்டு வாரியாகப் பிரித்தார். சாக்கடையும் இடிந்த வீடுமாக இருந்த ஐந்தாவது வார்டில் கறுப்பர் இறப்பு ஆயிரத்துக்கு 48-க்கு மேல். நல்ல வீடும் சுத்தமான தெருவும் உள்ள முப்பதாவது வார்டில் அதே கறுப்பர் இறப்பு 22-க்கும் குறைவு. ஒரே ஊர், ஒரே இனம். ரத்தம்தான் காரணம் என்றால் வார்டு மாறினால் சாவு எப்படிக் குறையும்? ஏழாவது வார்டில் 2,441 குடும்பங்களில் குளியலறை, கழிப்பறை வசதி இருந்தது 334 குடும்பத்துக்கு மட்டுமே என்பதையும் எண்ணி எழுதி வைத்தார். லேப்பில் ரீடிங் எடுக்கும் நமக்கு இது புரியும். ஒரே ஒரு மொத்த ரீடிங்கை வைத்து ஃபால்ட் எங்கே என்று சொல்ல முடியாது. சர்க்யூட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

குறையும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தில் ஏழைக் கறுப்பர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதும் இடங்களில் கொஞ்சம் கண்டிப்பான ஹெட்மாஸ்டர் குரல் கேட்கும். படித்தவன் படிக்காதவனைப் பார்க்கும் பார்வை. வயதாக ஆக அது மாறியது.

1897-இல் தெற்கே அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே வருஷத்துக்கு ஒரு தலைப்பு எடுத்து ஆராய்ந்து வெளியிடும் வேலை. காசு குறைவு, உழைப்பு அதிகம். பட்டம் பெற்ற கறுப்பர்கள் யார் யார், என்ன வேலை பார்க்கிறார்கள், கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிகள் எப்படி இருக்கின்றன, எல்லாம் எண்ணப்பட்டது. 1901-இல் வந்த பள்ளிக்கூட ஆய்வு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. எங்கள் வரிப்பணத்தில்தான் கறுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தெற்கத்தி வெள்ளையர்கள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். டுபாய்ஸ் வரிக் கணக்கையும் செலவுக் கணக்கையும் எடுத்து வைத்துக் கூட்டிக் கழித்தார். கறுப்பர்கள் தங்கள் பள்ளிகளுக்கான செலவைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள் என்று விடை வந்தது.

நடுவில் 1899. அந்த ஏப்ரலில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் சாம் ஹோஸ் என்ற கறுப்புத் தொழிலாளியை ஒரு கும்பல் உயிரோடு எரித்துக் கொன்றது. நிதானமான ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பத்திரிகை ஆபீசுக்கு நடந்தார் டுபாய்ஸ். வழியில், செத்தவரின் விரல் எலும்புகள் ஒரு மளிகைக் கடையில் பார்வைக்கு வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னால் உலகம் திருந்திவிடும் என்ற நம்பிக்கையில் முதல் விரிசல் அது.

அடுத்த மாதமே வீட்டுக்குள் இடி. ஒன்றரை வயது மகன் பர்கார்ட்டுக்கு டிப்தீரியா வந்தது. அன்றைய அட்லாண்டாவில் வெள்ளை டாக்டர்கள் கறுப்பர் வீட்டுப் படியேறுவது அபூர்வம். கறுப்பு டாக்டர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மே 24-இல் குழந்தை இறந்தது. ஜார்ஜியா மண்ணில் புதைக்க மனம் வராமல், தன் பிறந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார். கறுப்புக் குழந்தைகளின் இறப்பு விகிதம் என்று அவர் பிறகு எழுதிய பத்திகளில் எல்லாம் ஒரு எண் அவர் வீட்டு எண்.

ஆனாலும் மனுஷன் உட்கார்ந்துவிடவில்லை. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சி. அதில் கறுப்பு அமெரிக்கர்களின் முன்னேற்றத்தைக் காட்ட ஒரு பகுதி. இந்த இடம் நமக்கென்றே உள்ளது நண்பர்களே! டுபாய்சும் அவர் மாணவர்களும் சேர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட வரைபடங்களைக் கையாலேயே வரைந்தார்கள். மினி டிராஃப்டரா, ஆட்டோகேடா? இங்க், பிரஷ், ஸ்கேல், அவ்வளவுதான். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பளிச்சென்ற வண்ணம். ஒரு கோடு தாளில் நீளம் பத்தாமல் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டு போகும். எழுத்தறிவின்மை பற்றிய படத்தில் 1860-இல் 99 சதவீதம் என்று ஆரம்பித்து, 1890-இல் 67 என்று இறங்கி, 1900-க்கு 50 என்று போட்டுவிட்டு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி! அந்த வருஷத்துக் கணக்கு இன்னும் வரவில்லை, எனவே உத்தேசம் என்று ஒப்புக்கொள்ளும் கேள்விக்குறி. ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' செய்யும் நம்மாட்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

கப்பலில் மேல் வகுப்பில் போகக் காசில்லை. அடித்தட்டு டிக்கெட் எடுத்துப் போய்த் தானே படங்களை மாட்டினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. வரைபடங்கள் இன்றும் வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களுக்குப் பரிசு கொடுத்த பிரான்சில் இன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ன என்று கேட்பதே இல்லை. கேட்டால் பிரிவினை என்பது அவர்கள் வாதம். ஹாஸ்டலின் முதல் கட்சிக்குப் பெரிய இடத்து ஆதரவு!

1906-இல் உடல்நலம் பற்றிய அட்லாண்டா ஆய்வு வந்தது. ஹாஃப்மனுக்கு முழுமையான பதில் இதுதான். காசநோய் இன நோய் அல்ல, சமூக நோய். நியூயார்க், சிகாகோவின் சில பகுதிகளில் வாழும் வெள்ளையரிடம் அது சில ஊர்க் கறுப்பர்களை விட அதிகம் என்று எண்ணோடு காட்டினார்.

அதே 1906-இல் அலபாமா மாநிலம் லோண்டஸ் கவுண்டியில் மத்திய அரசின் தொழிலாளர் துறைக்காக ஒரு பெரிய கணக்கெடுப்பு. கேள்வி கேட்கப் போனவர்களைத் துப்பாக்கியோடு எதிர்கொண்டவர்களும் உண்டு. உயிரைப் பணயம் வைத்து எடுத்து, கையால் எழுதி, அட்டவணை வரைந்து அனுப்பினார்கள். துறை வெளியிட மறுத்தது. திருப்பிக் கேட்டபோது அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. இருந்தது ஒரே பிரதி. யோசித்துப் பாருங்கள், யாரிடம் கணக்கு இருக்கிறது என்பதும் கணக்கு எடுப்பதைப் போலவே முக்கியம். ஹாஃப்மன் புத்தகத்தை அச்சடிக்க ஆள் இருந்தது. லோண்டஸ் கவுண்டி ஏழைகளின் கணக்கு குப்பைக்குப் போனது.

1910-இல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, முந்தின வருஷம் ஆரம்பித்த என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்துக்குப் போய் 'கிரைசிஸ்' பத்திரிகையின் ஆசிரியரானார். அதிலும் எண்ணிக்கையை விடவில்லை. கும்பல் கொலைகள் எத்தனை, பட்டதாரிகள் எத்தனை என்று வெளியிட்டுக்கொண்டே இருந்தார். 1946-இல் நம்ம டாக்டர் அம்பேத்கர் இவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். டுபாய்சும் பதில் போட்டார். அடுத்த வருஷம் இவரே முன்னின்று தயாரித்த இன்னொரு மனு ஐ.நா.வுக்குப் போனது.

பிற்கால வாழ்க்கை தனிப் புத்தகம். 83-வது வயதில் அந்நிய நாட்டு ஏஜென்ட் என்று வழக்குப் போட்டு, நிற்காமல் விடுதலை. பாஸ்போர்ட் முடக்கம். ஸ்டாலினைப் புகழ்ந்து எழுதியது அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. 1961-இல் நிக்ரூமா அழைத்ததன் பேரில் கானா நாட்டுக்குப் போய், ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார். 1963 ஆகஸ்ட் 27-இல் அக்ரா நகரில், 95 வயதில், அந்த வேலை முடியாமலே காலமானார். மறுநாள் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய மாபெரும் பேரணியில் இச்செய்தி அறிவிக்கப்பட்டது.

1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. பள்ளிகளில் எந்த இனத்துப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்கெடுக்கும்படி அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அதன்படி சுமார் 4,000 பள்ளிகளில் ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டார்கள். 1966-இல் அறிக்கை வெளியானது. இந்த முறை அச்சடித்தது அரசாங்கமே.