கோபாலசமுத்திரத்து இராமச்சந்திரன்

அம்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும்போது பத்தமடை வந்ததும் பாய் நம் நினைவுக்கு வரும். அப்பக்கத்திலேயே உள்ள கோபாலசமுத்திரத்தை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. ஆனால் ஜி. என். இராமச்சந்திரன் என்னும் விஞ்ஞானியின் பெயரில் முதலில் நிற்கும் எழுத்து அவ்வூரே.

அவர் பிறந்தது எர்ணாகுளத்தில், 1922 அக்டோபர் 8-ஆம் நாள். தந்தையார் நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சியில் இயேசு சபைக் குருக்களின் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்று, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராய்ச் சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவரைத் தம் இயற்பியல் துறைக்கு இழுத்துக் கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1952-இல் சென்னைப் பல்கலைக் கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது வயது முப்பது கூட நிரம்பவில்லை.

தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது தெளிவாகாதிருந்தது. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொலாஜன் பெற்று, கோபிநாத் கர்த்தாவுடன் ஆராய்ந்து, அது மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954-இல் வெளியிட்டார். தினமும் மூன்று கால் எடுத்துச் சடை பின்னும் நமக்கு இது எளிதில் விளங்கும். எனினும் சடையைவிட முப்புரிக் கயிறே சரியான உவமை.

உடனே எதிர்ப்பும் வந்தது. கிரிக், ரிச் என்ற இரு பேரறிஞர்கள், அம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்பதாகக் குறை கூறினர். மூன்று இழை என்ற அடிப்படை நிலைத்தது. ஆனால் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் அவர்கள் கூற்றே பின்னர் ஏற்கப்பட்டது. இராமச்சந்திரனுக்கு இது மனத்தில் தைத்திருக்க வேண்டும். வேறொருவராயின் மறுப்புரை எழுதி ஓய்ந்திருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அவரோ, அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை அறியப்பட்ட படிகங்களின் அளவுகளையெல்லாம் திரட்டத் தொடங்கினார்.

புரதம் அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. ஒவ்வொரு கண்ணியிலும் இழை திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு: ஃபை, சை. ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, இவ்விரு கோணங்களையும் படிப்படியாகத் திருப்பினால் எங்கெங்கே அணுக்கள் மோதும் என்று கணக்கிட்டார். கணிப்பொறி அவர்களுக்கு எட்டாத காலம். மேசைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டே உழைத்தனர். சதுரப் படத்தின் பெரும்பகுதி மோதல் நிகழும் இடமாயிற்று. சில தீவுகளே அனுமதிக்கப்பட்டவை. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் இடம் தாராளம். 1963-இல் வெளியான இதுவே இராமச்சந்திரன் படம்.

கணிப்பொறியில் ஒரு புரதத்தின் அசைவை முதன்முதல் ஓட்டிப் பார்த்தது 1977-இல்தான். அதுவும் ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பகுத்து, அதில் ஏறத்தாழ ஒன்பது பங்கு நேரம்! அவ்வாண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டி இராமச்சந்திரனை உறுப்பினராக்கியது. இன்று மருந்துத் துணுக்கு புரதத்தில் எவ்வாறு பொருந்தும் என்று கணிப்பொறியில் ஆராய்வோர், முதலில் அப்புரதத்தின் வடிவத்தை இப்படத்தில் வைத்துச் சரிபார்க்கின்றனர்.

1971-இல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, ஊடுகதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்கும் கணித முறை ஒன்றையும் அளித்தார். உடலை ஸ்கேன் செய்யும் கருவிகளுக்கு அது பயன்பட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1998-இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தார். இறுதி ஆண்டுகளை நோயுடன் கழித்த இராமச்சந்திரன், 2001 ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் காலமானார்.